முடிவாயிருச்சு மாப்ளே

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக மனசுக்குள்ளேயே போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஆடி மாசமும் இந்தத் தடவை எழுதிவிடுவது என்று உட்காருவேன். "ஏனுங்க, எங்கண்ணனப் பத்தி ஊருக்கெல்லாம் சொல்லி என்ன ஆகப் போகுது? சும்னே இருங்க" என்பாள் என் மனைவி. பேனாவை மூடி வைத்துவிடுவேன். அது அவள் பிறந்த வீட்டு மானம். அதைச் சந்திக்கு இழுக்க எனக்கு என்ன உரிமை? இப்போது எழுதுங்கள் என்று சொன்னதும் அவள்தான். ஏன் சொன்னாள் என்பது போகப் போகத் தெரியும்.

ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள். அவர் பெயர் வரக் கூடாது. எனக்கும் அது பொருத்தமாகத்தான் பட்டது. அந்த மனிதர் வாயில் எந்தக் காரியத்துக்கும் செய்தவர் பெயர் வந்ததே இல்லை. எல்லாம் தானாக நடக்கும், தானாக முடியும். அவரைப் பற்றி எழுதும்போது நானும் பெயரில்லாமலே எழுதிவிட்டுப் போகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். மைசூரில் ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றேன். காலையில் குளித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் சாமுண்டி மலையைப் பார்த்து ஒரு கும்பிடு, சாயங்காலம் வீட்டில் முருகன் படத்துக்கு ஒரு கற்பூரம். என் படிப்பும் பக்தியும் அவ்வளவுதான். நான் எழுத வந்திருக்கும் ஆளோ பெரிய படிப்பாளி. என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன், எனக்கு மச்சான். கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் டீக்கடை வைத்திருந்தவரின் மகன். மைசூரில் காலேஜ் படித்து, அமெரிக்கா போய், இயற்பியல் பேராசிரியராகி, அந்த நாட்டுக் குடிமகனும் ஆகி, அந்த நாட்டிலேயே பெரிய பரிசு ஒன்றை வாங்கியவர். தங்கப் பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிற்கிற படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்னும் மாட்டியிருக்கிறது. நான் கழற்றவில்லை. மாட்டியது அவள், கழற்றுவதும் அவள் பாடு.

வருஷம் ஒரு தடவையோ இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையோ வருவார். எங்கள் வீட்டு மாடி அறையில்தான் தங்குவார். முதல் தடவை அவர் வந்து தங்கிய அன்றைக்கே எனக்கு ஒன்று புரிந்துபோயிற்று. இந்த மனிதர் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். கூச்சம் என்று முதலில் நினைத்தேன். கூச்சம் இல்லை.

காபி வேண்டுமென்றால், "தங்கச்சி, ஒரு காபி குடு" என்று சொல்லலாம் இல்லையா? சொல்ல மாட்டார். சுவரைப் பார்த்து, "இந்த வீட்ல இந்நேரத்துக்குக் காபி ஆகுமோ?" என்பார். சுவரா காபி போடும்? என் மனைவி எழுந்து போவாள். ஃபேன் சுவிட்ச் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும். "காத்து வந்தா நல்லாருக்கும்" என்பார். நான் எழுந்து போய்ப் போட்டுவிட்டு வந்து உட்காருவேன். காத்து வந்ததும், "ம், இப்ப நல்லாருக்கு" என்பார், ஏதோ ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி. கேட்டால் அல்லவா நன்றி சொல்ல வேண்டும்? அவர் கேட்கவும் இல்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. காபி ஆயிற்று, காற்று வந்தது.

அவருடைய சொல் ஒன்று உண்டு. 'முடிவாயிருச்சு.' அவர் அப்பா, அதாவது என் மாமனார், இறந்தபோது கருமாதிக்குத்தான் வந்து சேர்ந்தார். பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் கொள்ளி வைத்திருந்தான். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றுகொண்டு, "ஏப்பா, ஒத்த மகன், நெருப்பு வைக்க வரலியே" என்று ஆதங்கப்பட்டார்கள். "ஃப்ளைட் கெடைக்காமப் போச்சு. வர முடியாதுன்னு முடிவாயிருச்சு" என்றார். "யாரு முடிவு பண்ணினது?" என்று கிழவர் ஒருவர் விடாமல் கேட்டார். மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மாட்டிக்கொண்டால் கண்ணாடியைத் துடைப்பது அவர் வழக்கம்.

அவருக்கு எதற்காகப் பரிசு கொடுத்தார்கள் என்று ஒரு நாள் நானே கேட்டேன். தெரிந்துகொள்ள ஆசைதான். சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே என் மனைவி கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கடுகப் பாருங்க மாப்ளே. எல்லாம் ஒரே எண்ணெய், ஒரே சூடு. எந்தக் கடுகு மொதல்ல வெடிக்கும்?"

"தெரியாதுங்க."

"யாருக்கும் தெரியாது. கடுகுக்கே தெரியாது. கடுகுலயாச்சும் ஈரம், அளவுன்னு ஏதாவது காரணம் சொல்லலாம். அணுவுக்குள்ள காரணமே கெடையாது. எது எப்ப சிதறும்னு யாரும் முடிவு பண்றதில்ல. தானா விழும். அத சந்தேகத்துக்கு எடமில்லாம அளந்து காமிச்சோம். அதுக்குத்தான் குடுத்தாங்க."

என் மனைவி திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "அடுப்ப யாரு பத்த வெச்சது அண்ணா?"

"அது வேற கேள்வி" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அவருக்குப் பிடிக்காத கேள்வி எல்லாமே வேறு கேள்விதான்.

பரிசு வாங்கிய வருஷம் மைசூரில் ஒரு பாராட்டு விழா நடத்தினார்கள். தலைக்கு மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகை கட்டி, சந்தன மாலை போட்டு, சால்வை போர்த்தி உட்கார வைத்தார்கள். நாங்கள் மூன்றாவது வரிசையில் இருந்தோம். இங்கிலீஷில் பேசினார். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நடுவில் ஒரு இடத்தில் சபையே உருகிப்போய்க் கை தட்டியது.

"என்னடி சொன்னாரு?"

"சின்ன வயசுல டீக்கடையில கிளாஸ் கழுவிக்கிட்டே படிச்சாராம்மா. சோடா உப்பு பட்டு விரலெல்லாம் புண்ணாகி, பேனா பிடிக்க முடியாம எழுதினாராம்."

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். கிளாஸ் கழுவியது அவள். விரல் புண்ணானது அவளுக்கு. அம்மா படுத்த படுக்கையானதும், எட்டாவது படித்துக்கொண்டிருந்த பெண்ணை நிறுத்திக் கடையில் விட்டார்கள், அண்ணன் மைசூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும் என்று. அவளை யாரும் கேட்கவில்லை. "அப்ப வீட்ல அப்படி முடிவாச்சு" என்று அவரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"ஏம்மா, எந்திரிச்சு சொல்லட்டுமா?" என்று என் மகள் கொதித்தாள்.

"உக்காருடி. சொல்லிட்டுப் போறாரு. கேக்கறவங்களுக்கு நல்லாத்தான இருக்குது? என் கை புண்ணு ஆறி எத்தன காலமாச்சு."

விழா முடிந்து யாரோ ஒரு காலேஜ் பெண் மைக்கைப் பிடித்து, அணுவை அளந்த அந்தக் கருவியைச் செய்தது யார் என்று கேட்டது. "உருவாக்கப்பட்டது" என்றார். அளவெல்லாம் எடுத்தது யார் என்று கேட்டது. "எடுக்கப்பட்டது" என்றார். கண்ணாடியைத் துடைத்தார். பேட்டாவை எங்கள் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனார். என் மனைவி அதைப் பாலிதீன் பையில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள்.

இனிப் பூ விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். பெரிய காரியம் எதற்கும் அம்மனிடம் பூக் கேட்போம். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாக வாழையிலையில் மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் போட்டு, விஷயம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் ஆகட்டும் என்று அர்த்தம். சிவப்பு வந்தால் வேண்டாம். என் மனைவியின் பிறந்த வீட்டு மாரியம்மன் கோயில் கொள்ளேகாலைத் தாண்டி ஹனூர் ரோட்டில் இருக்கிறது. என் மகள் கல்யாணத்துக்கு அங்கேதான் பூக் கேட்டோம். அந்தச் சமயம் மச்சான் இங்கே வந்திருந்தார். சாப்பிடும்போது ஒரே கேலி.

"ரெண்டுல ஒண்ணு மாப்ளே. பாதிக்குப் பாதி. இதுக்குப் போயி பஸ் ஏறணுமா? வீட்லயே காசு சுண்டிப் போட்டாப் போதுமே."

"காசு சுண்டினா, விழுந்தது புடிக்கலைன்னா இன்னொரு தடவ சுண்டத் தோணும் மச்சான். ஆத்தா முன்னாடி தோணாது. வந்தத ஏத்துக்குவோம்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு விரலை ஆட்டினார். "இத நீங்க சரியாச் சொன்னீங்க. விடை புடிக்கலைன்னு சோதனையில கை வைக்கக் கூடாது. எங்க தொழிலுக்கே அதான் தர்மம். கை வெச்சவன் விஞ்ஞானியே இல்ல, திருடன்."

இந்தப் பேச்சை நான் மறக்கவில்லை. நீங்களும் மறக்க வேண்டாம்.

சில வருஷம் கழித்து ஒரு தடவை வந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. முகம் ஊதி, தோல் கறுத்திருந்தது. ஃப்ளைட்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்தது என்றார். அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார். சும்மா செக்கப் என்றார். ஒரு நாள் சுவரைப் பார்த்து, "இங்கெல்லாம் ரத்தம் எடுக்க வீட்டுக்கே வர்றாங்களாமே. எல்லாரும் ஒரு தடவ பாத்துக்கறது நல்லதுதான்" என்றார். மறுநாள் ஒரு ஆள் பெட்டியோடு வந்தார். எனக்கு ஒரு குழாயில் எடுத்தார். என் மனைவிக்கு நாலைந்து குழாய்.

"இவளுக்கு மட்டும் ஏன் இத்தன?" என்று கேட்டேன்.

"நனகே கொத்தில்லா சார்" என்று கன்னடத்தில் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார்.

அதற்கப்புறம் ஒரு காலை. நானும் மச்சானும் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் போனைப் பார்த்தபடி சொன்னார்: "பொருந்துது."

"என்ன மச்சான் பொருந்துது?"

"கிட்னி. தங்கச்சியோடது. என்னோடது ரெண்டும் போயிருச்சு. அங்க வரிசையில நின்னா எப்ப வரும்னு சொல்ல முடியாது. இங்க ஆஸ்பத்திரியில தேதியும் குடுத்துட்டாங்க. முடிவாயிருச்சு மாப்ளே."

அடுப்படியில் தோசை கருகிற்று. என் மனைவி திருப்பி எடுக்காமல் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். தன் உடம்பிலிருந்து ஒரு உறுப்பு போகப்போகிறது என்ற சேதியை அவள் அப்படித்தான் தெரிந்துகொண்டாள்.

"யாரு முடிவு பண்ணினது?" என்றேன்.

"டெஸ்ட்டெல்லாம் நல்லா வந்திருக்கு."

"அது சரிங்க. யாரு முடிவு பண்ணினது?"

"மெடிக்கலா இதுதான் சரி. கூடப்பொறந்தவ கிட்னிதான் நிக்கும்."

"உங்களுக்கு வளந்த பசங்க ரெண்டு பேரு இருக்காங்களே?"

"அவங்களுக்கு ஒரு வாழ்க்கை இருக்கு மாப்ளே."

"இவளுக்கு என்ன இருக்குதுன்னு நெனச்சீங்க?"

"அவளுக்கு நீங்க இருக்கீங்க" என்றார். சட்னியை இன்னும் கொஞ்சம் வழித்துப் போட்டுக்கொண்டார்.

சேதி தெரிந்ததும் என் மகள் பெங்களூரிலிருந்து போனில் கத்தினாள். எனக்கும் கோபம்தான், பயமும் கூட. ஆனால் எங்கள் இரண்டு பேருடைய கோபத்தாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. கொடுப்பதோ மறுப்பதோ அவள் பாடு, அது அவள் உடம்பு. சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவள் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"குடுக்க மாட்டேன்னு சொல்ல வாய் வரலீங்க. எங்கண்ணன் செத்துப்போனா நான் எப்படிச் சோறு திங்கறது? குடுக்கறேன்னு சொல்லவும் வரல. ஒரு வார்த்த கேட்டிருந்தா ரெண்டுல ஒண்ணு வந்திருக்கும். கேக்கவே இல்லையே."

"என்ன பண்ணலாங்கறே?"

"ஆத்தாகிட்டப் பூக் கேட்டுரலாம். வெள்ளைன்னா குடுத்தர்றேன். செவப்புன்னா அண்ணனுக்கு ஆத்தா வேற வழி காட்டட்டும். எது வந்தாலும் நீங்க குறுக்க பேசக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

கற்பூரத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

மச்சானிடம் சொன்னபோது அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போயிற்று. "இவ்ளோ பெரிய விஷயத்தப் பாதிக்குப் பாதின்னு விடறதா?" என்றார். உயிர்ப் பயம்தான். பாவமாகத்தான் இருந்தது. உயிர் யாருக்கும் வெல்லம்தானே. அப்புறம் அவராகவே, "சரி, போலாம்" என்றார். நான் ஆச்சரியப்பட்டேன். மனுஷர் இறங்கி வந்துவிட்டார் என்றுகூடச் சந்தோஷப்பட்டேன்.

டாக்ஸி வைத்துக்கொண்டு போனோம். காவிரிப் பாலத்தில் என் மனைவி ஜன்னல் வழியாகக் கை கூப்பினாள். கோயிலில் எங்களைத் தவிர வேறொரு குடும்பம் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுச் சின்னப் பெண் ஒன்றைப் பூ எடுக்கக் கூப்பிட்டு நிறுத்தினோம். பூசாரி எங்களுக்குத் தெரிந்தவர்தான். தட்டில் வெள்ளையும் சிவப்புமாக ஒரு கை அரளிப்பூவும், கிழித்த வாழையிலையும், நாரும் கொண்டுவந்தார்.

மச்சான் முன்னால் போய் நின்றார். "பூசாரி, நீங்க மடிச்சா ஒண்ணு பெருசாவும் ஒண்ணு சின்னதாவும் போயிரும். கொழந்த கை பெருசுக்குத்தான் போகும். அப்ப அது சரியான சோதனை ஆகாது. நான் ரெண்டையும் ஒரே அளவுல மடிச்சுத் தர்றேன்."

"படிச்சவங்க படிச்சவங்கதானுங்க. மடிங்க சாமி" என்று பூசாரி தட்டை நீட்டினார். எனக்கும் மனசு நெகிழ்ந்துதான் போயிற்று. தனக்கு உயிர் போகிற சமயத்தில்கூட நியாயம் பார்க்கிறாரே என்று நினைத்தேன். தட்டிலிருந்து ஒரு சிவப்பையும் வெள்ளையையும் இலை நாரோடு அள்ளிக்கொண்டு, காற்றடிக்கிறது என்று சொல்லி, பலிபீடத்துக்கு அந்தப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று மடித்தார். அச்சில் வார்த்த மாதிரி இரண்டு பொட்டலங்களைக் கொண்டுவந்து வைத்தார்.

கற்பூரம் காட்டினார்கள். மணி அடித்தது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள்ளேயே எதையோ சொன்னாள். அந்தச் சின்னப் பெண் குனிந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பூசாரி நாரை அவிழ்த்தார். வெள்ளை.

வேண்டாம் என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனாலும் அம்மன் சொல், நான் சத்தியம் செய்தவன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என் மனைவி கண்ணில் தண்ணீரோடு அண்ணனைப் பார்த்துத் தலையாட்டினாள். தன் உடம்பை அவள் கொடுத்தே விட்டாள், அந்த நிமிஷத்தில். நான் சாட்சி.

"முடிவாயிருச்சு" என்றார் மச்சான். "கெளம்பலாம் மாப்ளே."

"இருங்க சாமி" என்று பூசாரி இரண்டாவது பொட்டலத்தைக் கையில் எடுத்தார். "இதையும் பிரிச்சுக் காட்டணுமில்லீங்க."

"எதுக்கு? ஒண்ணு வெள்ளைன்னா இன்னொண்ணு செவப்பு. பிரிச்சா புதுசா என்ன தெரியப் போகுது? கணக்கு முடிஞ்சுபோச்சு."

"அது உங்க கணக்குங்க. இந்தக் கோயில்ல ரெண்டையும் எல்லாரு கண்ணு முன்னாடியும் பிரிச்சாத்தான் கேட்டதாக் கணக்கு. உங்க அய்யன் காலத்துலயும் அப்படித்தானுங்க."

சின்ன வயசில் அவரும் பார்த்த வழக்கம்தான் அது. அமெரிக்காவில் மறந்துபோயிருக்கிறது. மறந்துபோனது மட்டுமில்லை, கும்பிடுகிற ஜனங்கள் எதையும் சரிபார்க்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். கையை நீட்டி அந்தப் பொட்டலத்தை வாங்கப் போனார். அதற்குள் பூசாரி நாரை இழுத்துவிட்டார்.

வெள்ளை.

மணியடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். பொங்கல் வைத்த வீட்டுக்காரர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். என் மனைவிதான் பேசினாள்.

"அந்தச் செவப்பு எங்க அண்ணா?"

"விழுந்திருக்கும்."

கீழே தேடினோம், நிஜமாகவே தேடினோம். பூசாரி தேடவில்லை. மச்சான் போட்டிருந்தது மெல்லிசான வெள்ளைச் சட்டை. இடது பக்கப் பையில் துணிக்கு உள்ளிருந்து சிவப்பாகத் தெரிந்தது. "பையில இருக்குதுங்க சாமி" என்றார் பூசாரி.

மச்சான் குனிந்து தன் பையைப் பார்த்தார். அடுத்தவன் பையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அட, பையில வந்திருக்கு" என்றார்.

இப்படி ஒரு பதிலை நான் என் ஆயுசில் கேட்டதில்லை. பூவுக்குக் கால் முளைத்து ஏறி வந்துவிட்டதாம். யாருக்கும் கட்டுப்படாமல் எல்லாம் தானாக விழுகிறது என்று அளந்து காட்டித் தங்கம் வாங்கியவர், தன் தலைக்கு வந்ததும் தானாக விழ விடவில்லை. திருடன் என்று அவர் யாரைச் சொன்னாரோ அந்த ஆளாகத்தான் அம்மன் சன்னிதியில் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தக் கேள்விய இனி இந்த வருஷம் கேக்க முடியாதுங்க. ஆத்தா வாய மூடிக்கிட்டா" என்று சொல்லிவிட்டுப் பூசாரி உள்ளே போய்விட்டார்.

நான் பேச வாயெடுத்தேன். என் மனைவி கையைக் காட்டி அடக்கினாள். அண்ணன் முன்னால் போய் நின்றாள். அவ்வளவு நேராக நின்று அவரை அவள் பார்த்ததை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை.

"ஆத்தா ஒண்ணும் சொல்லல. இனி ஆத்தாளும் இல்ல, பூவும் இல்ல, நீயும் நானுந்தான். வாயத் தொறந்து கேளு அண்ணா. 'தங்கச்சி, எனக்குக் குடு'ன்னு கேளு. கேட்டா இல்லேன்னு சொல்ல மாட்டேன். இங்கயே, இப்பவே குடுக்கறேன்னு சொல்றேன்."

மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "டாக்டர் குடுத்த தேதி தள்ளிப்போனா அப்புறம் கஷ்டம்."

"அது சேதி. நான் கேக்கச் சொன்னேன்."

"நெலம என்னன்னு உனக்கே தெரியும்."

"தெரியும். கேளு."

"வண்டிக்காரன் ரொம்ப நேரமா நிக்கறான்" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பைத் தேடிப் போனார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ரோடு எவ்வளவு அகலமாகிவிட்டது என்று பேசிக்கொண்டு வந்தார். அதற்கப்புறமும் சில நாள் எங்கள் வீட்டில்தான் இருந்தார். என் மனைவி அவருக்குப் பத்தியம் பார்த்துச் சமைத்தாள். உப்பைக் குறைத்தாள். காபி டம்ளரோடு அவர் முன்னால் போய் நின்று, ஒரு நிமிஷம் கூடுதலாகவே நிற்பாள். அவர் சுவரைப் பார்ப்பார். ஆஸ்பத்திரி கொடுத்த தேதி வந்தது, போயிற்று. எனக்கு என் மனைவி பிழைத்தாள் என்று நிம்மதி. ஆனால் அவள் நிம்மதியாக இல்லை. ஒவ்வொரு நாளும் அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தாள். ஆண்டவன் சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள்.

"டிக்கெட் ஆயிருச்சு மாப்ளே" என்றார் ஒரு நாள்.

கிளம்பும்போது அவள் அண்ணன் நெற்றியில் விபூதி பூசினாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வாய் அசைந்தது. இதோ கேட்கப் போகிறார் என்றே நினைத்தேன். எனக்கு அப்போது மறுக்கவும் தோன்றவில்லை, கேட்டுத் தொலையட்டும் என்றுதான் தோன்றியது.

"பெங்களூர் ரோட்ல ட்ராஃபிக் இருக்குமோ?" என்றார்.

வண்டி போய்விட்டது.

அங்கே போனபின் வரிசைப்படி அவருக்குக் கிட்னி கிடைத்தது. செத்துப்போன யாரோ ஒரு புண்ணியவானுடையது. செத்தவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை பாருங்கள், அவருக்கு அது வசதியாகப் போயிற்று. சேதி வந்ததும் என் மனைவி அதே மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்தாள். நானும் கூட நடந்தேன். அத்தோடு விஷயம் முடிந்தது, எங்களோடு மண்ணாகப் போகட்டும் என்றுதான் இத்தனை வருஷம் அவள் என் பேனாவை மூட வைத்தாள்.

இந்த வருஷம் என் மகள் வந்திருந்தபோது போனில் ஒரு வீடியோ காட்டினாள். பெரிய மேடை. மச்சான் நல்ல தெம்பாக, முகம் தெளிந்து நின்றுகொண்டிருந்தார். மூட நம்பிக்கையைப் பற்றிப் பேச்சு. என் மகள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"சொல்லுடி" என்றாள் என் மனைவி.

"இந்தியாவுல ஒரு கிராமத்துக் கோயில்ல என் உயிர் ஒரு பூவுல தொங்கிச்சு, கொழந்த செவப்புப் பூவ எடுத்துச்சு, என் தங்கச்சி ரொம்ப நல்லவ, பாவம் படிக்காதவ, சாமி வேண்டாம்னு சொல்லிருச்சுன்னு கிட்னி குடுக்க மறுத்துட்டான்னு சொல்றாரும்மா."

அந்தச் சபை உச்சுக் கொட்டியது. அப்புறம் கை தட்டியது.

"செவப்பு வந்துச்சுன்னா சொல்றாரு?"

"ஆமாம்மா."

இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். பாஷை புரியாவிட்டாலும் அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"எழுதுங்க. கிளாஸ் கழுவினத அவரே வெச்சுக்கட்டும். எனக்கு அதுல ஒண்ணும் கொறையல. எங்க ஆத்தா சொல்லாத வார்த்தைய ஆத்தா சொன்னான்னு ஊரு நம்பக் கூடாது. கேட்டா குடுத்திருப்பேன்னும் எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். கேட்க நன்றாக இருக்கட்டும் என்று கடைசியில் அவர் அழுதார், மன்னிப்புக் கேட்டார் என்று சேர்க்காதீர்கள். அவர் அழவில்லை. என் மனைவியைத் தெய்வமாக்காதீர்கள். அவள் அவருடைய தங்கச்சி, அவ்வளவுதான். அம்மன் அவரைத் தண்டித்தாள் என்றும் சொல்லாதீர்கள். நல்லபடியாகத்தான் இருக்கிறார், இருக்கட்டும். ஆனால் அந்தப் பூவுக்கு வரும்போது மட்டும் நிறுத்தி, நிதானமாகச் சொல்லுங்கள். அன்றைக்கு அம்மன் காலடியில் கிடந்த இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூதான் இருந்தது. சிவப்பு அவர் சட்டைப் பையில் இருந்தது. அது அங்கே வரவில்லை. அவர் எடுத்து வைத்தார்.